துணியை எடுங்க என்றொரு சாம்பல் நிறம்

அன்பும் பொறுமையும் நிறைந்த என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானும் சௌக்கியம்தான், ஆனால் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதற்கான காரணம் கீழே வருகிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உங்கள் ரெட்டை வால்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒரு வால் அலமாரி மேல் ஏறிவிட்டதாகவும் இன்னொரு வால் கீழே நின்று அதைத் தூக்கி விட்டதாகவும் எழுதியிருந்தாய். நீயும் நானும் ஒரு நாளாவது இவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை, சந்தோஷப்படு.

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் பூசி மெழுகல். விஷயம் ஒன்றுதான். "அக்கா, இனிமேல் உன் வேலையை மெஷினே பார்த்துவிடும். அது உன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற வரைக்கும் காத்திருக்காதே. மரியாதையாக நீயே விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. இவள் மறுபடி வேலைக்குப் போகப்போகிறாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்." இதைப் படித்த அன்றே பதில் எழுதியிருந்தால் நமக்குள் பேச்சுவார்த்தையே நின்றிருக்கும். எழுதாததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. நீ சொன்னது அன்றைக்கு எங்கள் ஆபீசில் அப்படியே நடந்துகொண்டிருந்தது, அதனால் எழுதக் கை வரவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு. கை பரபரக்கிறது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் சந்தோஷத்தில் எழுதியது என்று எடுத்துக்கொள்.

முதலில் உன் வீட்டுக்காரிக்கு ஒரு விளக்கம். "உங்க அக்கா பெயிண்ட் கம்பெனியில பெயிண்ட் அடிக்கிறாங்களா?" என்று இன்னமும் கேட்கிறாளாமே. அடிப்பதில்லை என்று சொல். பெயர் வைக்கிறேன். கலவைக்கூடத்தில் புதிதாக ஒரு ஷேடு கலந்தால், அது டப்பாவில் ஏறிக் கடைக்குப் போகும் முன் அதற்கு ஒரு பெயர் வேண்டும். நம்பர் போதாதா என்று நீ கேட்பாய், நீ அப்படிப்பட்ட ஆள்தான். "எங்க படுக்கையறைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் அடிச்சிருக்கோம்" என்று யாராவது வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்வார்களா? நான் பெயர் வைக்கிற முறையும் உனக்குத் தெரியும். உன் அத்தானின் பல் மருத்துவமனை எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிறதல்லவா, அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நீளச் சுவர் என்னுடையது. பெரிய சண்டை போட்டு வாங்கியது. புது ஷேடு வந்தால் அந்தச் சுவரில் அடித்துவிடுவேன். அப்புறம் ஒரு பத்திரிகையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நோயாளி மாதிரி மூலையில் உட்கார்ந்துவிடுவேன். வெயில் மாற மாற நிறம் எப்படி மாறுகிறது, அதைப் பார்க்கிறவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்றெல்லாம் கவனிப்பேன். பல்வலியோடு உட்கார்ந்திருக்கிறவருக்கு நாகரிகம் பார்க்க நேரம் கிடையாது. ஒரு தடவை அருமையான ஆரஞ்சு நிறம் ஒன்றை அடித்து வைத்திருந்தேன். ஒரு அம்மாள் அதைப் பார்த்தவுடனேயே, "டாக்டர் சார், இந்தச் செவுத்தப் பாத்தா இன்னொரு பல்லும் வலிக்குது" என்றார். அந்த ஷேடை அன்றைக்கே கைவிட்டோம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில்தான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். எதைப் பேசினாலும் "சுருக்கமா சொன்னா" என்று ஆரம்பித்து, கேட்கிறவர்களின் காபி ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் பேசுவார். அதனால் ஆபீசில் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர். சுருக்கம் கையோடு ஒரு செயற்கை நுண்ணறிவையும் கூட்டி வந்தார். அதை ஏற்றி ஓட வைக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். கழுத்தில் எப்போதும் ஹெட்போன், கெட்டிக்காரி, நல்ல பெண். ஒரு ஷேடைக் காட்டிப் பெயர் கேட்டால் நான் பத்திரிகையைப் பிரிப்பதற்குள் அது முந்நூறு பெயர் கொட்டிவிடும். எல்லாமே கவிதை. விடியலின் மௌனம், நதியின் மௌனம், மாலை மௌனம், மௌனத்தின் விடியல், நதிக்கரைக் கனவு, கனவின் கரை. நாங்கள் அதற்குப் புலவர் என்று பெயர் வைத்தோம். சுருக்கம் பூரித்துப்போய், "சுருக்கமா சொன்னா, இனிமே பேர் வைக்கிற பிரிவே நமக்குத் தேவையில்ல" என்றார். அவர் வாழ்க்கையில் சுருக்கமாகச் சொன்னது அது ஒன்றுதான். பெயர்ப் பிரிவு என்பது நான், ஒரு மேஜை, ஒரு வாடிய செடி. பிரிவை மூடிவிட்டு என்னைப் புகார் போன் எடுக்கிற இடத்தில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் அழுதேனா என்று கேட்காதே. அழுதேன். உன் அத்தான் ஒரு நோயாளியின் வாயைத் திறந்த வாக்கில் விட்டுவிட்டு வந்து என் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதெல்லாம் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் புகார் போன் பழகுவதற்கென்று என்னை உட்கார வைத்த முதல் நாளே புலவரின் புகழ் ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. ஒரு கடைக்காரர் கூப்பிட்டார். "மேடம், ஒரு ஆள் வந்து மௌனம் ஒண்ணு குடுங்கன்னு கேக்குறாரு. எந்த மௌனம்னு கேட்டா, அதாங்க மௌனம், போன வாரம் வாங்கினது அப்படிங்கிறாரு. எங்கிட்ட பதினோரு மௌனம் இருக்கு மேடம், நான் எதத் தூக்கிக் குடுக்க?" நான் ஷேடு பட்டியலைப் புரட்டி முடிப்பதற்குள் அவரே ஒன்றைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் அந்த வீட்டுக்காரரே கூப்பிட்டார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியராம். அவருடைய கூடத்தில் பாதிச் சுவர் இளஞ்சிவப்பு மௌனம், மீதிப் பாதி பச்சை மௌனம். "நடுவுல நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன் அம்மா, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல தெருவுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். நான் ஆறுதல் சொன்னேன். மனசுக்குள் எனக்கு எவ்வளவு குஷி என்று அவருக்குத் தெரியாது. புகார்கள் குவியக் குவியச் சுருக்கத்தின் முகம் சுருங்கியது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "புதுசா ஒரு சாம்பல் நிறம் வருது. அடுத்த வாரம் கடைக்காரங்க கூட்டம். ஒரு பேர் நீங்க குடுங்க, ஒரு பேர் அது குடுக்கட்டும். அவங்க எதப் புடிக்குதுன்னு சொல்றாங்களோ அதுதான் முடிவு" என்றார். எதன் முடிவு என்று நான் கேட்கவில்லை. புகார் போன் கண்ணெதிரே சிவப்பாக உட்கார்ந்திருந்தது.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அழுக்குச் சாம்பல் இல்லை, சிமெண்ட் சாம்பலும் இல்லை. கொஞ்சம் நீலம் கலந்து அடர்த்தியாக, பார்க்கிறவரை லேசாகப் பயமுறுத்துகிற நிறம். சுவரில் அடித்ததும் அறையே இருட்டிவிட்டது. முதலில் வந்த இரண்டு நோயாளிகள் மருத்துவமனை மூடியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிவிட்டார்கள். உன் அத்தான் முதல் பெருமூச்சு விட்டார். நான் பத்திரிகையோடு மூலையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். வந்ததெல்லாம் யானை, புகை, ஈயப் பாத்திரம். இனி எனக்குள் ஒன்றுமில்லை, புலவரிடமே சரணடைந்துவிடலாம், தம்பி சொன்னதுதான் சரி என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

அப்போதுதான் அந்த மகானுபாவர் வந்தார். கன்னம் வீங்கிய மனிதர். உன் அத்தான் அவருக்குப் பல்லைப் பிடுங்குவதற்காக ஊசி போட்டு, மரத்துப்போகட்டும் என்று வெளியே உட்கார வைத்திருந்தார். மனிதர் கன்னத்தைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சற்று நேரம் கழித்து நிமிர்ந்து என் சுவரைப் பார்த்தார். பார்த்தவர் துள்ளி எழுந்து, "அய்யய்யோ, மாடியில துணி கெடக்கே!" என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்து ஓடினார். வெளியே சுள்ளென்று வெயில், தம்பி! ஒரு பொட்டு மேகம் கிடையாது! பத்திரிகையை வீசிவிட்டு அவர் பின்னாலேயே ஓடினேன். "சார், நில்லுங்க! இப்ப என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க!" அவர் திரும்பிப் பார்த்தார். பல்லைப் பிடுங்க ஆளனுப்பி விட்டார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். வெயில் தெரிந்தும் நிற்கவில்லை, இன்னும் வேகமாக ஓடினார். தெருமுனை வரைக்கும் துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. திரும்பி வந்தால் உன் அத்தான் இடுக்கியும் கையுமாக வாசலில் நிற்கிறார். "ஊசி போட்ட ஆள் எங்க?" "துணி எடுக்கப் போயிட்டார்." "எந்தத் துணி?" "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, எனக்குப் பேர் கெடச்சிடுச்சு!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இடுக்கி நடுவில் இருந்ததால் அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த மனிதர் பாதி வாய் மரத்த நிலையில் எங்கே போனாரோ, இன்றுவரை வரவில்லை. உன் அத்தான் பேச்சை நிறுத்தியது அன்றிலிருந்துதான்.

பெயர் "துணியை எடுங்க". நீ இப்போது சிரிக்கிறாய் என்று தெரியும். சிரி. ஆபீசுக்கு ஓடினேன். சுருக்கத்திடம் போகாமல் நேரே புலவர் முன்னால் உட்கார்ந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லவேண்டும், பக்கத்தில் அதுதான் இருந்தது. "இதோ பார், இனிமேல் மழை, மேகம், மௌனம் எதுவும் வேண்டாம். நீ மாடியில் துணி காயப்போட்டிருக்கிற ஆள். வானத்தைப் பார்க்கிறாய். என்ன சொல்வாய்?" என்று டைப் அடித்துக் கேட்டேன். "மிக அருமையான கோணம்!" என்றது. எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்லும், அதை விடு. பிறகு நூறு வரி கொட்டியது. முக்கால்வாசி குப்பை. "துணிகளின் மௌனம்" என்று ஒன்று, அதைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நடுவில் ஒன்று "இன்னும் நேரம் இருக்கு" என்று கிடந்தது. அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நியாயமாகச் சொல்லவேண்டும், அது எனக்குத் தோன்றியிருக்காது. அடர் சாம்பலுக்குத்தான் நான் பெயர் தேடினேன். வெளிர் சாம்பலைப் பார்த்துச் சோம்பேறித்தனமாக அப்படிச் சொல்கிற ஆள் ஒருவர் வீட்டுக்கு வீடு இருக்கிறாரே! உடனே எனக்குக் குடும்பமே கண்ணில் தெரிந்துவிட்டது. வெளிர் சாம்பல் "இன்னும் நேரம் இருக்கு". நடுச் சாம்பல் "எதுக்கும் பாத்துடலாம்". அடர் சாம்பல் "துணியை எடுங்க". அப்புறம் லேசாக மஞ்சளோடிய வெள்ளை ஒன்று விற்காமல் கிடந்தது, அதற்கு "சே, பெய்யவே இல்ல". கடைசிப் பெயர் என்னுடையது. அதைச் சொன்னதும் ஹெட்போன் பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். புலவர் சிரிக்கவில்லை, ஆனால் நான்கு பெயரும் வேறெந்தக் கம்பெனியிலும் இல்லை, டப்பா லேபிளில் பொருந்தும் என்று நொடியில் பார்த்துச் சொல்லிவிட்டது. அது தெரிய முன்பெல்லாம் எனக்கு மாதக்கணக்காகும். தம்பி, மழையைப் பற்றி உலகத்தில் எழுதியதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் அதற்கு மாடியில் துணி கிடையாது. எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த அந்தப் பகலைப் போல ஆபீசில் நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

கூட்டம் வந்தது. நீள மேஜை, சுற்றிலும் கடைக்காரர்கள். புலவர் தனியாக வைத்த பெயரைச் சுருக்கம் முதலில் படித்தார்: "முகில் மௌனம்". பதினோரு மௌனக் கடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். பிறகு என் பெயர். சுருக்கம் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெயிண்ட் டப்பா மேல 'துணியை எடுங்க'ன்னு எழுதினா யாரும்மா வாங்குவாங்க?" என்றார். உடனே சாட்சிக்குப் புலவரைக் கேட்டார், "இது மோசமான பேர்தானே?" "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, இது பொருத்தமற்ற பெயர்" என்றது. எனக்கு வந்ததே கோபம்! "இது நல்ல பேர்தானே?" என்று நானும் கேட்டேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, இது அற்புதமான பெயர்" என்றது. சுருக்கம் மறுபடி கேட்டார், நான் மறுபடி கேட்டேன். அது இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே இருந்தது. கடைக்காரர்கள் டென்னிஸ் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

இந்தக் கூத்து நடக்கும்போதே என் ஷேடு அட்டை மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு கடைக்கார அம்மாள், கண்டிப்பானவர், அட்டையைக் கையில் வாங்கினார். நிறத்தைப் பார்த்தார். பெயரைப் படித்தார். அட்டையை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "என்னங்க, நான்தான். மாடியில துணி இருக்கு, எடுத்துருங்க. இல்ல, இங்க மழை இல்ல. அங்கயும் இல்லையா? இருந்தாலும் எடுத்துருங்க" என்றார். அடுத்தவரும் அட்டையைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். அதற்கடுத்தவரும் எடுத்தார். கடைசியில் சுருக்கமே அட்டையை வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "ஒரு நிமிஷம், கார் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு வந்தேனோ" என்று முனகிக்கொண்டே படியிறங்கிப் போனார். அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஆர்டர் குவிந்துவிட்டது. பெயர்ப் பிரிவு இருக்கிறது. அதில் நான் இருக்கிறேன், செடிக்குப் புதுத் தொட்டி வந்திருக்கிறது, புலவரை என் மேஜைக்கே மாற்றிவிட்டார்கள். மெஷின் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளும் என்றாயே, இப்போது அது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, நான் சொன்னால்தான் வாயைத் திறக்கிறது!

ஆகவே தம்பி, உன் அழைப்புக்கு நன்றி. வர இயலாது. நான் இல்லாவிட்டால் இந்தக் கம்பெனி மறுபடி மௌனத்தில் மூழ்கிவிடும். பிள்ளைகளுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள். உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. ரெட்டை வால்கள் இருவருக்கும் அத்தையின் முத்தங்கள். அலமாரியைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துவிடு. எல்லோரும் எல்லா நலமும் பெற்று, கை கால் உடையாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன்பே எல்லாம் தலைகீழாகிவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை, அதனால் தொடர்ந்து எழுதுகிறேன். இன்று காலை அந்த ஹெட்போன் பெண்ணிடம், "இந்தப் புலவருக்கு இத்தனை மௌனத்தையும் விடியலையும் சொல்லிக் கொடுத்த அரைவேக்காடு யாரும்மா?" என்று கேட்டேன். அவள் நெளிந்தாள். "மேடம், இங்க இருந்த பழைய ஷேடு பேருங்கள வெச்சுத்தான் அது கத்துக்கிச்சு. நீங்க வேலைக்குச் சேர்ந்த புதுசுல வெச்சது, அது மட்டும்தான் டைப் அடிச்சு இருந்துச்சு. அதுக்கப்புறம் வெச்சதெல்லாம் உங்க கையெழுத்துல இருந்துச்சு, யாராலயும் படிக்க முடியல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அப்போது கல்யாணமான புதிது, தம்பி. எதைப் பார்த்தாலும் எனக்கு மௌனமாகவும் விடியலாகவும்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் கோபத்தை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். வாயைத் திறந்தபடி படுத்திருந்த நோயாளியும் சேர்ந்து சிரித்தார். நல்லவேளை, அப்போது கருவி எதுவும் உள்ளே இல்லை.

இதோடு போகவில்லை. அந்தப் பெண் ஆசையாகத் துணியை எடுங்க குடும்பத்தையும் புலவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டாள். இன்றைக்கு ஒரு நீலத்தைக் காட்டிப் பெயர் கேட்டேன். "குடையை எடுங்க" என்றது. பச்சைக்கு "செருப்பை உள்ளே வைங்க". ரோஜா நிறத்துக்கு "பாலை இறக்குங்க". கவிதையை விட்டுவிட்டது, இப்போது மாமியார் மாதிரி அதட்டுகிறது. சுருக்கத்துக்கு ஒரே பூரிப்பு, முந்நூறையும் அச்சடிக்கலாம் என்கிறார். நான் எதைக் கண்டுபிடித்தாலும் அடுத்த நாள் காலைக்குள் அது முந்நூறாக வந்து நிற்கும்போலிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை, வேகம்தான் வருகிறது. அது எட்டிப் பிடிப்பதற்குள் நான் அடுத்த இடத்துக்குப் போய்விடவேண்டும். மூலையில் பத்திரிகையோடு உட்கார்ந்தால் இனிமேல் ஆகாது, பல்வலிக்காரர்கள்கூட இப்போது சுவரைப் பார்த்தால் துணியைத்தான் சொல்கிறார்கள். நீண்ட விடுப்பு கேட்டேன், கிடைத்துவிட்டது. டிக்கெட் போட்டாயிற்று. உன் வீட்டுக்காரி நிம்மதியாக வேலைக்குப் போகட்டும். பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒரு சுவரைக் காலி செய்து வை, அலமாரியையும் நகர்த்திவிடு, பிரஷும் டப்பாக்களும் நான் கொண்டு வருகிறேன். முக்கியமாக ஒன்று, வால்கள் இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, நான் வந்து சேரும்வரை அவர்களுக்கு ஒரு நிறத்தின் பெயரையும் சொல்லிக் கொடுத்துவிடாதே, அவர்களாக என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்கவேண்டும். நானோ புலவரோ பெயர் வைத்ததைக் கேட்காமல் நிறம் பார்க்கிறவர்கள், எனக்குத் தெரிந்து, இப்போது அந்த இரண்டு பேர்தான்.